நோயாளியைக் கேட்பதா, கணினிப் பதிவைப் பார்ப்பதா?

இங்கிலாந்தில் சிகிச்சை ஆய்வு நடத்துகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. நோயாளி குடும்ப மருத்துவரை எத்தனை முறை பார்த்தார், அதற்கு என்ன செலவானது என்பதை எப்படி அறிவது? நோயாளிக்குக் கேள்வித்தாள் அனுப்பலாம்; மருத்துவரிடம் உள்ள கணினிப் பதிவையும் எடுக்கலாம்.

நினைவு
கேள்வித்தாள்: ஆறு மாதக் கணக்கைக் கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது.
பதிவு: மறக்காது; தேதியோடு இருக்கும்.

எதை எண்ணுவது
கேள்வித்தாள்: மருத்துவரா, செவிலியரா என்பது நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியும்.
பதிவு: சிக்கலே இங்கேதான். மருந்துச் சீட்டைப் புதுப்பித்ததும், வந்த கடிதத்தைக் கோப்பில் சேர்த்ததும்கூட ஒரு வரியாக நிற்கும். அவற்றையும் சந்திப்பாக எண்ணினால் செலவு வீங்கிவிடும். ஒரே நாளில் இரண்டு வரிகள் இருந்தால்? இருவர் பார்த்திருக்கலாம்; ஒரே சந்திப்பு இருமுறை பதிவாகியும் இருக்கலாம். எண்ணும் விதியை முன்பே எழுதிவைக்காதவர்களின் கணக்கை நான் நம்புவதில்லை.

எல்லை
கேள்வித்தாள்: கடையில் வாங்கிய மாத்திரை, பஸ் கட்டணம், இழந்த சம்பளம் வரை கேட்கலாம்.
பதிவு: இவை எதுவும் இராது.

உழைப்பு
கேள்வித்தாள்: மலிவு. ஆனால் பலர் திருப்பி அனுப்புவதில்லை.
பதிவு: அனுமதி, கட்டணம், காத்திருப்பு. குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை ஆய்வுக்காகத் திரட்டும், 1987-இல் வேர்விட்ட சி.பி.ஆர்.டி. தரவுத்தளத்திலும் இப்படித்தான்.

எண்ணிக்கையைப் பவுண்டாக்க, ஒரு சந்திப்புக்கு எவ்வளவு என்று சொல்லும் கென்ட் பல்கலைக்கழகத்தின் அலகுச் செலவுப் பட்டியல் இரண்டுக்கும் பொது.

தேசியச் சுகாதாரச் சேவையின் (அங்குள்ள அரசு மருத்துவ அமைப்பின்) செலவு மட்டும் போதும், ஆட்கள் ஆயிரக்கணக்கில் என்றால் பதிவு. நோயாளியின் கைச்செலவும் வேண்டுமென்றால் கேள்வித்தாள். அப்போதும் சந்திப்பு எண்ணிக்கையை மட்டும் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.