கணக்கு பேக்கப்புக்கு டிவிடி-ஆர்டபிள்யூ: வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் டிவிடி-ஆர்டபிள்யூ (அழித்துவிட்டு மறுபடி எழுதக்கூடிய வட்டு) கேட்டால் "இன்னும் யாருண்ணே இதெல்லாம் வாங்குறாங்க, பென் டிரைவ் எடுத்துக்கங்க" என்பார்கள். விடாமல் கேட்டால் உள்ளேயிருந்து ஒரு பெட்டி தூசி தட்டி வரும். உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் டிவிடி-ஆரைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்று சாதிக்கிற கடையும் இருக்கிறது. அதில் ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான்.

கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு இது போதும். டேலி கோப்பு, ஜிஎஸ்டி பிடிஎஃப், ஸ்கேன் செய்த பில் எல்லாம் சேர்ந்தும் 4.7 ஜிபியைத் தொடாது (விண்டோஸ் அதை 4.38 என்றுதான் காட்டும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்). திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாக ஆறு வட்டு. அந்தந்த நாள் வந்ததும் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். சுமார் ஆயிரம் தடவை எழுதலாம் என்பது தயாரிப்பாளர் கணக்கு; வாரம் ஒரு தடவை என்றால் அது தேய்வதற்குள் கீறல் விழுந்துதான் போகும்.

பென் டிரைவ் போதாதா என்றால், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ்) புகுந்தால் கணினியில் செருகிக் கிடக்கிற எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும், நம் ஊர் அலுவலகங்களில் பேக்கப் டிரைவ் வருஷம் முழுக்கச் செருகியேதான் கிடக்கும். வெளியே எடுத்து பீரோவில் வைத்த வட்டை அது தொட முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எரிச்சல் வேகத்தில்தான். 4 எக்ஸ் வேக வட்டு ஒன்று நிரம்பக் கால் மணி நேரம், எழுதியதைச் சரிபார்க்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம். அந்தச் சரிபார்ப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் முதலில் "பென் டிரைவ் போல" எழுதவா என்று கேட்கும். பார்க்க வசதிதான், ஆனால் வேறு கணினியில் சில சமயம் திறக்காது. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக எழுதுவதே எனக்குப் பிடிக்கிறது. வட்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒரு பக்கம் கனம் ஏறினால் சுழலும்போது ஆடும், மார்க்கர் போதும். அப்புறம், சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

வருஷக் கணக்கை இதில் வைக்காதீர்கள். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்; அவசரத்தில் யாராவது அழித்துவிடக்கூடிய வட்டில் அதை வைப்பானேன்? அதற்கு டிவிடி-ஆர் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க் ஒன்று.

கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் கோப்பு 4.7 ஜிபிக்குள் அடங்காது. 25 ஜிபி கொள்ளும் புளூரே வட்டு இருக்கிறதே என்பீர்கள், ஆனால் எழுதும் புளூரே வட்டு தயாரிப்பை சோனியே 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. நேராக இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிவிடுங்கள்.