ஒரு நொடி, பத்தரை மீட்டர்: ஜி.பி.எஸ்.ஸோடு ஏழு வருஷம் சைக்கிள் ஓட்டிய கதை

போன வருஷம் ஆடி மாசம் ஒரு காலையில், டீ கிளாஸைக் கையில் எடுத்த நேரம் ஃபோன் அதிர்ந்தது. சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியிலிருந்து தகவல்: உங்கள் கே.ஓ.எம்.மை இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். வேலூர் பக்கம் அமிர்தியிலிருந்து கணியம்பாடி வரும் ரோட்டில் 2.3 கிலோமீட்டர் துண்டு அது. என் நேரம் 3 நிமிடம் 38 நொடி. புது நேரம் 3 நிமிடம் 37.

சைக்கிள் பக்கம் வராதவர்களுக்காக: ரோட்டில் ஒரு துண்டை யாராவது வரைபடத்தில் குறித்து வைத்தால் அது செக்மென்ட். அந்தத் துண்டை ஓட்டுகிற எல்லோருடைய நேரத்தையும் ஸ்ட்ராவா தானே பிரித்தெடுத்து வரிசைப்படுத்தும். முதலில் இருப்பவருக்கு கே.ஓ.எம்., அதாவது 'மலை ராஜா'. டூர் டி பிரான்ஸில் 1933 முதல் மலையேற்றத்தில் முந்துகிறவர்களுக்கு என்று ஒரு போட்டி தனியாக உண்டு, பட்டப் பெயர் அங்கிருந்து வந்தது. இங்கே மேடே இல்லாத ரோட்டுக்கும் மலை ராஜாதான். சம்பளம் கிடையாது, மாலை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு டீ இறங்கவில்லை.

தட்டிக்கொண்டு போனது வெளியாள் இல்லை. எங்களோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற காட்பாடித் தம்பி. அடுத்த வாரம் அவனிடம் ரைடு ஃபைலைக் கேட்டேன்.

"அண்ணா, ஒரு செகண்டுக்காகவா ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

"ஒரு செகண்ட் இல்லடா, பத்தரை மீட்டர்."

சும்மா சொல்லவில்லை. மணிக்கு 38 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் பத்தரை மீட்டர். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்ஃபோன் காட்டும் இடம், உண்மையான இடத்திலிருந்து 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளமே சொல்கிறது. தொடக்கக் கோட்டில் ஐந்து மீட்டர், முடிவுக் கோட்டில் ஐந்து மீட்டர் எதிரெதிர்ப் பக்கம் பிசகினால் கணக்கு முடிந்தது: ஒரு நொடி.

அதோடு போகவில்லை. இரண்டு ஃபைலையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹேண்டிலில் மாட்டும் அவன் ஜி.பி.எஸ். கருவி, இருக்கும் இடத்துக்கு நொடிக்கு ஒரு புள்ளி போட்டிருந்தது. என்னுடையது நான்கு நொடிக்கு ஒன்று, சில இடத்தில் ஆறு நொடிக்கு ஒன்று. காரணம், 'ஸ்மார்ட் ரெக்கார்டிங்' என்ற அமைப்பு. நேரான ரோட்டில் வேகமும் திசையும் மாறாவிட்டால் புள்ளிகளை விட்டுவிட்டுப் பதியும். ஃபைல் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான் லாபம். செக்மென்ட் கணக்கோ அந்தக் கோட்டுக்குக் கிட்டே விழுந்த புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் போகும். ஆக, மூன்று வருஷமாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட 3:38 உண்மையில் 3:35 ஆகவும் இருக்கலாம், 3:42 ஆகவும் இருக்கலாம். கருவி வாங்கிய அன்றே அமைப்புகளுக்குள் போய் 'ஒவ்வொரு நொடியும்' என்று மாற்றியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஆரம்பித்தது 2018-இல், வெறும் ஃபோனோடு. ஒரு பழைய ஹைபிரிட் சைக்கிள், ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் மவுண்ட். கோட்டை வாசலுக்கு எதிரே காலை ஐந்து மணிக்கு நான்கைந்து பேர் சேர்வோம். ஒரு வாரம் அமிர்தி, ஒரு வாரம் விரிஞ்சிபுரம், நேரம் இருந்தால் வள்ளிமலை.

ஃபோனின் பிரச்சினை ஜி.பி.எஸ். இல்லை, தூக்கம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியைத் தானாகவே நிறுத்திவிடும். ஒருமுறை வள்ளிமலை போய்த் திரும்பியபோது பொன்னையிலிருந்து காட்பாடி வரை ஒரே நேர்கோடு. ஏரி, வயல், வீடு எல்லாவற்றுக்கும் மேலே நான் பறந்து வந்ததாக வரைபடம் சொன்னது. கம்பெனி பெயர் வேண்டாம், அந்த ரக ஃபோன்கள் பலவற்றுக்கும் இதே வியாதிதான். பேட்டரி கட்டுப்பாட்டை அந்தச் செயலிக்கு மட்டும் நீக்கிவிட்டு, இருப்பிட அனுமதியையும் முழுசாகக் கொடுத்த பிறகு சரியானது. கத்திரி வெயிலுக்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை. மே மாசம் ஒன்பது மணிக்கெல்லாம் சூடு தாங்காமல் திரை மங்கி, ஃபோன் கையை விரித்துவிடும். மழையில் இதற்கு நேர்மாறு: ஒவ்வொரு துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு தானே எதையாவது அழுத்தும். ஐப்பசியில் ஒரு ரைடை மழையே நிறுத்தி, மழையே சேமித்துவிட்டது.

2021-இல் கருவி வாங்கக் காரணம் ஒரு 200 கிலோமீட்டர் பிரேவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவு நேரம் என் ஃபோன் தாங்காது. வாங்கியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு வெள்ளைத் திரை, தொடுதிரை இல்லாத பட்டன் ரகம். கடைக்காரர் வண்ணத் திரையைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். பட்டன் ரகமே போதும் என்று நின்றது நல்லதாகப் போயிற்று. வெயில் ஏற ஏற இந்தத் திரை தெளிவாகத் தெரியும். கையுறையோடு அழுத்தலாம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில். கடைசியது 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பியதும் பொய்யாகிவிட்டது. மரமில்லா மலை மட்டும் ஜி.பி.எஸ்.ஸுக்கு வரம். ஊரைச் சுற்றி மொட்டைப் பாறைகள்தான், வானம் திறந்தே கிடக்கும், சிக்னல் அருமை. சிக்கல் ஏலகிரியில் தொடங்குகிறது. பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை, பலகையில் இருக்கும் தமிழ்ப் புலவர்களை விசாரித்துக்கொண்டே ஏறலாம். மூச்சு இருந்தால். ஒரு பக்கம் பாறைச் சுவர், மேலே மரக்கிளை. செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து வரும், அதனால் இடம் பிசகும். வளைவை நான் சுற்றி வந்திருப்பேன், வரைபடத்தில் கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கும். சக்கரத்தில் வேக சென்சார் மாட்டிய பிறகு தூரம் சரியாக வந்தது. கோடு மட்டும் இன்னும் குடித்தவன் நடைதான். இப்போது வருகிற விலை கூடிய கருவிகள் இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்குகின்றன. நண்பர் ஒருவருடையதில் பார்த்தேன், வளைவுகள் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. ஏலகிரியே கதி என்று இருப்பவர்களுக்கு அது பிரயோஜனம். எனக்கு வருஷத்துக்கு நான்கு தடவை.

ஏற்றத்தின் உயரக் கணக்கிலும் இதே கூத்து. ஒரே நாள், ஒரே ஏற்றம், சட்டைப்பையில் ஃபோன், ஹேண்டிலில் கருவி: 70 மீட்டர் வித்தியாசம். காற்றழுத்த மானி இல்லாத ஃபோனில் பதிந்தால், உயரத்தை ஸ்ட்ராவா தன்னிடமுள்ள நில வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கோடு பக்கத்துப் பாறை மேலே போயிருந்தால் பாறை உயரத்தைச் சேர்த்துவிடும். கருவியில் மானி இருக்கிறது, மேலே போகப் போக அழுத்தம் குறைவதை வைத்துக் கணக்குப் போடும். சுமார் எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். இது நம்பகமானதுதான், மழை வரும்வரை. கருவியின் அடியில் காற்று போக ஒரு பொடித் துளை உண்டு, அதை ஒரு சொட்டுத் தண்ணீர் அடைத்தால் போதும். அடைமழையில் பாகாயத்திலிருந்து அடுக்கம்பாறை வரை சமதரையில் ஓட்டி 300 மீட்டர் மலையேறியிருக்கிறேன். குழுவில் இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

ஆனால் ஏழு வருஷத்தில் என்னை அதிகம் ஏமாற்றியது காற்று. ஆனியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று பாலாற்றுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். அமிர்தி போகும்போது அது எதிர்க்காற்று. நாக்குத் தள்ளி 22 கிலோமீட்டர் வேகத்தில் போவேன், இதயத் துடிப்பு 165. ரைடு முடிந்து பார்த்தால் ஸ்ட்ராவா எனக்குப் போட்ட திறன் 95 வாட். திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ள, இறக்கமும் கொஞ்சம் சேர, 38 கிலோமீட்டர். துடிப்பு 140. கணக்கோ 290 வாட்! மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் பெடலில் இல்லாதவர்களுக்கு ஸ்ட்ராவா எடை, வேகம், சரிவு ஆகியவற்றை வைத்து மதிப்பிடுகிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, முன்னால் போனவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தோமா, இதெல்லாம் அந்த மதிப்பீட்டில் இல்லை. பவர் மீட்டர் வாங்கலாம். அதன் விலை என் சைக்கிள் விலையில் பாதிக்கு மேல். எனவே வாட் என்று எது வந்தாலும் நான் பார்ப்பதில்லை, துடிப்புப் பட்டையை மட்டும் நம்புகிறேன்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கே.ஓ.எம். எம்மாத்திரம்? ஒப்புக்கொள்கிறேன், என் 3:38-ம் ஆடியில் வந்ததுதான். தம்பியின் 3:37-ம் ஆடிதான். பட்டியலின் முதல் பத்துப் பேரின் தேதியைப் பார்த்தேன், எட்டுப் பேர் ஜூலை, ஆகஸ்ட். எதிர்த்திசை செக்மென்ட்டில் முதல் பத்தும் குளிர்காலம். இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் வேலூரின் காற்று வரைபடமே கிடைத்துவிடும்.

பட்டியலில் காற்றாவது இயற்கை. மோட்டார் வேறு வரும். ரைடை நிறுத்த மறந்து வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனவர், அதே கணக்கில் ஸ்கூட்டர் ஓட்டியவர் என்று எல்லோரும் உண்டு. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒருவர் 61 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மாசம் ராஜாவாக இருந்தார். அந்த ரைடைத் திறந்து, சந்தேகம் என்று கொடி காட்டினால் பட்டியலிலிருந்து போய்விடும். கொடி காட்டுவதற்கு முன் ஒரு வரி செய்தி அனுப்புவது மரியாதை. எனக்கு வந்த பதில்: "சாரிண்ணா, கவனிக்கல, எடுத்துடறேன்."

செக்மென்ட் நேரத்தில் நின்ற நேரமும் சேரும் என்பதையும் புதுசாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நின்றால் பதிவைத் தானே நிறுத்தி வைக்கும் 'ஆட்டோ பாஸ்' கருவியில் போட்டிருந்தாலும் அதே கதைதான். காட்பாடி–விழுப்புரம் பாதையில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அன்றைய முயற்சி அம்பேல். கேட்டுக்கு அடியில் நுழைந்து போனவரை எனக்குத் தெரியும். அவரோடு இப்போது ஓட்டுவதில்லை.

இறக்கத்தில் போட்டி போடவே கூடாது. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இழந்த இறக்க சாதனையை மீட்கப் போன ஒருவர் விபத்தில் இறந்தார். குடும்பம் ஸ்ட்ராவா மேல் வழக்குப் போட்டது, 2013-இல் தள்ளுபடியானது. ஏலகிரி இறக்கத்தில் எதிரே பஸ் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும். ஆபத்தான செக்மென்ட் என்று குறித்தால் அதற்குப் பட்டியலே காட்டாது. நான் குறித்துவிட்டேன்.

அப்புறம், வீட்டு வாசலில் ரைடைத் தொடங்குகிறவர்கள் தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். விலை கூடிய சைக்கிள் எந்த வீட்டில் நிற்கிறது என்று ஊருக்கே வழிகாட்ட வேண்டாம். 2018 ஜனவரியில் எல்லோரும் ஓடிய பாதைகளைச் சேர்த்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்தன என்று உலகம் முழுக்கச் செய்தியானது, நம் தெரு எல்லாம் எந்த மூலை.

சந்தா விஷயம். 2020 மே மாசம் செக்மென்ட்டின் முழுப் பட்டியலையும் சந்தாதாரர்களுக்கு என்று மாற்றினார்கள், மற்றவர்களுக்கு முதல் பத்து மட்டும். கோபத்தில் ஒரு வருஷம் கட்டாமல் இருந்தேன். ரைடைப் பதிவதற்கும் பார்ப்பதற்கும் அது தேவையே இல்லை என்று அப்போது தெரிந்தது. பிறகு இரண்டு வருஷம் கட்டினேன், என் பழைய நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. இப்போது அந்த ஒப்பீட்டை நானே ஒரு நோட்டில் எழுதுகிறேன்: தேதி, காற்று, துடிப்பு, நேரம். மார்கழியில் ஓட்டியதை மார்கழியோடு மட்டும். போன மார்கழிக்கு இந்த மார்கழி அதே ரோட்டில் 11 நொடி குறைவு, அதுவும் துடிப்பு ஏறாமல். இதை யாரும் தட்டிக்கொண்டு போக முடியாது.

தம்பி இப்போது ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். அவன் 3:37 அப்படியே இருக்கிறது. என் கருவி நொடிக்கு ஒரு புள்ளி போடுகிறது, வேக சென்சாருக்கு போன வாரம்தான் புது பட்டன் பேட்டரி மாற்றினேன். இந்த வருஷம் சந்தா ஒரே ஒரு மாசத்துக்குக் கட்டப்போகிறேன். ஆடி மாசத்துக்கு.