ஹர்ட்ஸா, டுவாவா?

2018 கோடையில் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அணியின் (அமெரிக்கன் ஃபுட்பால்) ரசிகர்களை இரண்டாகப் பிரித்த கேள்வி: குவாட்டர்பேக்காக (பந்தை வீசி, தாக்குதலை நடத்துபவர்) யாரை முதலில் இறக்குவது?

வீச்சு: டுவா டாகோவைலோவா, சந்தேகமே இல்லை. அந்த ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியில் அணி 0-13 எனப் பின்தங்கிக் கிடக்க, பாதியில் உள்ளே வந்து, கூடுதல் நேரத்தில் 41 யார்டு வீசி ஜார்ஜியாவை 26-23 என்று சாய்த்தவர்.

ஓட்டம்: ஜேலன் ஹர்ட்ஸ். 2016இல் பந்தோடு ஓடியே 954 யார்டு.

பத்திரம்: இதிலும் ஹர்ட்ஸ்தான். 2017 சீசன் முழுக்க ஒரே ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொள்ளும் வீச்சு). தொடக்க ஆட்டக்காரராக 26 வெற்றி, 2 தோல்வி. டுவா துணிந்து வீசுவார், சில நேரம் எதிரணி கையிலேயே கொடுத்துவிடுவார் (அதே இறுதிப் போட்டியிலும் ஒன்று).

பின்தங்கினால் டுவா, முன்னிலையைக் காக்க ஹர்ட்ஸ். ஒருவர்தான் என்றால் என் ஓட்டு டுவாவுக்கு. பயிற்சியாளர் நிக் சேபனும் அவரைத்தான் இறக்கினார். சரி, டிசம்பரில் டுவா காயத்தோடு வெளியேற, அதே ஜார்ஜியாவை 35-28 என்று வென்று கொடுத்தது பெஞ்சில் இருந்த ஹர்ட்ஸ்!