அட்டனிலிருந்து லண்டன்: விமான தூரம் காட்டும் தளங்களோடு பல வருட அனுபவம்

இலங்கை மலையகத்தின் அட்டன் டவுனில் கம்யூனிகேஷன் (போன், இன்டர்நெட் கடை) நடத்துவதால், விமான தூரமும் நேரமும் காட்டும் தளங்களைப் பல வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மகன் லண்டனுக்குப் படிக்கப் போகிறான், மகள் துபாய்க்கு வேலைக்குப் போகிறாள், எவ்வளவு நேரமாகும் தம்பி என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் குறியீட்டையும் போட்டால், நம்ம கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 8,700 கிலோமீட்டர். வேறு தளத்தில் கொஞ்சம் கூடிக் குறைந்தால், அது கொழும்பு நகரத்திலிருந்து அளந்திருக்கும். அவ்வளவுதான்.

நேரத்தில்தான் தகராறு. பல தளங்கள் தூரத்தை மணிக்கு 800, 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடுகின்றன. 900ஆல் வகுத்தால் லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். நேரடி விமானத்துக்கு உண்மையில் 11 மணி நேரம் பிடிக்கும். எதிர்க்காற்று, சில நாடுகளின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றுவது, ஹீத்ரோவுக்கு மேலே வட்டமடிப்பது எல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் விமானங்கள் பறப்பதைக் காட்டும் பிளைட்ரேடார்24 தளத்தில் அதே விமானம் கடந்த சில நாட்கள் எப்படிப் பறந்தது என்றுதான் பார்க்கிறேன்.

டிக்கட்டை மட்டும் பார்த்தால் வேறு குழப்பம். பகல் ஒரு மணிக்கு ஏறி மாலை ஆறரைக்கு இறங்குகிறதாம், ஐந்தரை மணி நேரம்தானே என்று சந்தோஷப்படுவார்கள். இறங்குவது லண்டன் நேரம். குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை.

தோஹா வழியாகப் போனால் வளைந்து வெகுதூரம் போவதாக நினைக்கிறார்கள். கூடுவது ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். நேரத்தைத் தின்பது அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது. டிக்கட் மலிவென்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு: இந்தத் தளங்கள் கட்டுநாயக்கவுக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அட்டனிலிருந்து விமான நிலையம் நேர்கோட்டில் 85 கிலோமீட்டர் அளவு. விமான வேகத்தில் ஆறு நிமிடம். கினிகத்தேன, கித்துள்கல என்று வேனில் வளைந்து இறங்கினால் நாலைந்து மணி நேரம். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. 3,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துபாய்க்கே விமானத்தில் கிட்டத்தட்ட இவ்வளவு நேரம்தான்!

அதனால் தூரத்துக்கு முழு மார்க், நேரத்துக்குப் பாதி. கேட்டு வருபவர்களுக்கு விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் துண்டில் எழுதிக் கொடுப்பேன்: விமானம் பகல் ஒன்றுக்கு, ஏர்போர்ட்டில் பத்துக்கு, அட்டனில் வேன் ஏறுவது விடிய நாலுக்கு. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிசன்காரர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிவிடுவேன். பெட்டியைச் சுமந்து லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணி போய்விடும்.