பக்கத்தை இழுத்து நிரப்பும் லேஅவுட்: ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் புரூஃபில் கையெழுத்துப் போடாதீர்கள்

கும்பாபிஷேக மலர், குலதெய்வக் கோயில் வரலாறு, கல்லூரி ஆண்டு மலர் என்று ஏதாவது ஒன்றைக் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் டிடிபி கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஈரோட்டுப் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்த கோயில் வரலாற்று நூலில் எங்களுக்கு நடந்தது இது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடையோடு முடிகிற பழக்கமாக இது தெரியவில்லை.

பேசிய கணக்கு: டெம்மி 1/8 அளவு, எழுத்து 11 பாயிண்ட், லீடிங் (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்) 16 பாயிண்ட், பக்கத்துக்கு 30 வரி. முன்பக்கங்கள் 8, உள்ளே 200, ஆக 208 பக்கம். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்க ஃபாரமாக எடுத்தால் சரியாக 13 ஃபாரம். கூலி பக்கக் கணக்கு. முதலில் காட்டிய மாதிரிப் பக்கத்தில் எண்ணினால் 30 வரி இருந்தது. புரூஃபாக வந்ததோ 231 பக்கம். அதை ஃபாரத்துக்குச் சரிக்கட்ட 240 ஆக்க வேண்டும் என்றார்கள். இரண்டு ஃபாரம் கூடினால் லேஅவுட் கூலி மட்டுமா கூடும்? பிளேட், தாள், ஓட்டுக்கூலி, மடிப்பு எல்லாம் கூடவே ஏறும். ஏன் இத்தனை பக்கம் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்குதுங்க. ஆட்டோமேட்டிக் செட்டிங், நாங்க கை வெக்கறதே இல்லீங்க."

புரட்டிப் பார்த்தால் குறை ஒன்றும் கண்ணில் படாது. எந்தப் பக்கமும் அடியில் காலியாக இல்லை. எல்லாம் விளிம்புவரை நிறைந்திருக்கும். ஏமாற்று வேலை நடப்பதே அந்த நிறைவுக்குள்தான்.

லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் டெக்ஸ்ட் ஃப்ரேம் (எழுத்து நிற்கும் பெட்டி) ஆப்ஷன்ஸ் (கண்ட்ரோல் பி) திறந்தால் வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷன் என்று ஒரு பகுதி வரும். அதில் அலைன் என்பதற்கு நேரே டாப், சென்டர், பாட்டம், ஜஸ்டிஃபை என்று நான்கு இருக்கும். ஜஸ்டிஃபை என்று வைத்தால் முதல் வரி ஃப்ரேமின் உச்சியிலும் கடைசி வரி அடியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்ச இடத்தை நடுவிலுள்ள வரி இடைவெளிகள் பங்குபோட்டுக்கொள்ளும். அதற்குக் கீழே பேராகிராஃப் ஸ்பேசிங் லிமிட் என்று ஒன்று உண்டு. அது பூஜ்யமாக இருந்தால் லீடிங்கே விரியும். ஓர் அளவு கொடுத்திருந்தால் அந்த அளவுவரை முதலில் பத்திகளுக்கு நடுவே இடம் விழும், அதற்கும் மேல் மிஞ்சினால்தான் லீடிங் விரியும்.

இது மட்டும் இருந்தால் பக்கம் கூடாது. கூட வைப்பது இன்னொரு இடத்தில் இருக்கிறது. பேராகிராஃப் ஸ்டைலுக்குள் கீப் ஆப்ஷன்ஸ் போய், கீப் லைன்ஸ் டுகெதர் என்பதில் 'பத்தியின் எல்லா வரிகளும்' என்று டிக் செய்துவிட்டால், பக்கத்தின் அடியில் மூன்று வரிக்கு இடம் இருந்தாலும் நாலு வரிப் பத்தி அங்கே இறங்காது, முழுசாக அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். அடியில் மூன்று வரி காலி. அந்தக் காலியை ஜஸ்டிஃபை வந்து மூடிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பக்கம் பக்கமாக வரி குறையும், எந்தப் பக்கமும் காலியாகத் தெரியாது. பக்கத்துக்குச் சராசரி மூன்று வரி போனாலே, 6,000 வரி உள்ள நூல் 200 பக்கத்திலிருந்து 223 பக்கத்துக்கு நீண்டுவிடும். இந்த நூலில் நடந்தது அட்சரம் பிசகாமல் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஃபைல் தேவையில்லை, ஒரு அடி ஸ்கேல் போதும். முதல் வரியின் அடிக்கோட்டிலிருந்து, அதாவது ப, ம, ட போன்ற எழுத்துகள் உட்காரும் கோட்டிலிருந்து, பதினோராவது வரியின் அடிக்கோடுவரை அளந்து பாருங்கள். லீடிங் 16 பாயிண்ட் என்றால் 160 பாயிண்ட், ஸ்கேலில் 56 மில்லிமீட்டர் சொச்சம் வரவேண்டும். இந்தப் புரூஃபில் பல பக்கங்களில் 63 மில்லிமீட்டர் வந்தது. 30 வரியில் 29 இடைவெளி, மொத்தம் 464 பாயிண்ட். அதே உயரத்தில் 27 வரிதான் இருக்கிறது என்றால் இடைவெளி 26. 464-ஐ 26-ஆல் வகுத்தால் 17.85 பாயிண்ட். எதிரெதிர்ப் பக்கங்களில் இது இன்னும் அசிங்கம். இடப்பக்கத்தில் 27 வரி, வலப்பக்கத்தில் 29 வரி இருந்தால், உச்சியும் அடியும் ஒட்டியிருக்கும், நட்டநடு வரியைத் தவிர இடையில் வேறு ஒரு வரிகூட அக்கம்பக்கம் நேராக நிற்காது.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்க்கலாம். நம் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து வரும் தாளோ வேறு எந்த ஆலைத் தாளோ, 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (மெல்லிய அச்சுத்தாள்) என்றால் பின்பக்க எழுத்து லேசாகத் தெரியத்தான் செய்யும். லீடிங் மாறாமல் இருந்தால் பின்பக்க வரி முன்பக்க வரிக்கு நேர் பின்னால் ஒளிந்துகொள்ளும். இழுத்த பக்கங்களில் அது இரண்டு வரிகளுக்கு நடுவே நிழலாக விழும். வயசானவர்கள் 'கண்ணு கூசுது' என்று புத்தகத்தை மூடி வைக்கிறார்களே, அதற்கு இந்த நிழலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெரியாமல் நடந்த தவறு என்று விட்டுவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஜஸ்டிஃபை போட்ட ஃப்ரேமில் அத்தியாயம் ஆறே வரியில் முடிந்தால், அந்த ஆறு வரியும் பக்கம் முழுக்கப் பரவி, வரிக்கு வரி 3 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விழும். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தெரிந்துவிடும். இந்த நூலில் அத்தியாயக் கடைசிப் பக்கங்களில் மட்டும் ஃப்ரேமை ஒவ்வொன்றாக டாப்புக்கு மாற்றி வைத்திருந்தார்கள், இரண்டு அத்தியாயங்களில் மட்டும் விட்டுப்போயிருந்தது. ஆட்டோமேட்டிக், கை வைப்பதே இல்லை என்றவர்கள் கை வைத்த இடங்கள் அவை.

பாட்டு வந்த பக்கங்களில் கெடுதல் வேறு மாதிரி. டைப் செய்தவர் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் எண்டர் தட்டியிருந்தார். சாஃப்ட்வேருக்கு ஒவ்வொரு அடியும் தனிப் பத்தி. அந்தப் பகுதியில் ஸ்பேசிங் லிமிட்டை 24 பாயிண்ட் என்று வைத்ததால் உரைநடை சேர்ந்து நின்றது, நாலடிப் பாட்டு மட்டும் நாலு துண்டாகப் பிய்ந்துபோனது. கல்வெட்டு வாசகத்துக்கும் இதே கதி. வரி எண்ணோடு தந்த வாசகம், ஊர் அறிவிப்புப் பலகை மாதிரி விரிந்து கிடந்தது. பாட்டு அடிகளுக்கு ஷிஃப்ட் எண்டர் தட்ட வேண்டும், பாட்டு முழுக்க ஒரே பத்தியாக இருக்கும்.

"தமிழ் எழுத்துக்கு எடம் வேணுமுங்க" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதி உண்மை. மேலே கி, கீ கொக்கிகளும் கீழே கு, கூ, ழு வளைவுகளும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு வைக்கும் லீடிங் தமிழுக்குப் போதாது. 11 பாயிண்டுக்கு 16 வைப்பது அதனால்தான். ஆனால் அந்த இடம் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேரால் பக்கம் பிரிப்பதைச் சரியாகச் செய்ய முடியாததற்குக் காரணமும் உண்டு. டொனால்ட் குனுத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், ஒரு பத்தியின் எல்லா வரி முறிவுகளையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுக்கும். குனுத்தும் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை அது. பக்கத்தை முறிக்கும்போது டெக்கும் அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் நிறைந்ததும் அதை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். முந்தின பக்கத்தில் ஒரு வரி குறைத்திருந்தால் இந்தப் பக்கம் அழகாக முடிந்திருக்கும் என்று பின்னால் போய்த் திருத்தாது. அந்தப் பின்பார்வை மனுசர் செய்ய வேண்டிய வேலை. அதற்குத்தான் லேஅவுட் கூலி.

ஆய்வேட்டை, டெக்கின் மேல் இயங்கும் லாடெக்கில் செட் செய்யக் கொடுக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபக்க அச்சுக்கான புக் கிளாஸில் ஃப்ளஷ்பாட்டம் (எல்லாப் பக்கமும் அடியில் ஒரே மட்டத்தில் முடியும் அமைப்பு) தானாகவே இருக்கும். டெக் லீடிங்கை இழுக்காது. பத்தி இடைவெளியையும் தலைப்பைச் சுற்றியுள்ள இடத்தையும் இழுக்கும். லாக் ஃபைலில் 'அண்டர்ஃபுல் விபாக்ஸ், பேட்னஸ் 10000' என்று வந்த பக்கங்களை எடுத்துப் பாருங்கள், அங்கே ஓட்டை இருக்கும். படமும் அட்டவணையும் நிறைந்த ஆய்வேட்டுக்கு ரேக்டுபாட்டம் (அடியை இழுக்காமல் ஏற்ற இறக்கமாக விடுவது) போடுவதே மேல். வேர்டில் பேஜ் செட்டப், லேஅவுட் போய் வெர்டிகல் அலைன்மென்ட்டை டாப்பில் வையுங்கள், அவ்வளவுதான்.

இன்டிசைனில் சரியாகச் செய்வது இப்படி. பேஸ்லைன் கிரிட்டை (வரிகள் உட்கார வேண்டிய கோடுகளின் வரிசை) 16 பாயிண்டுக்கு வைத்து, உடல் பத்தியின் ஸ்டைலில் அலைன் டு பேஸ்லைன் கிரிட் கொடுத்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய வரியை ஜஸ்டிஃபை அசைக்காது. தலைப்பு எடுக்கும் மொத்த உயரம் 16-இன் மடங்காக இருக்க வேண்டும். உதாரணமாக, தலைப்பின் லீடிங் 18, மேலே 20, கீழே 10. கூட்டினால் 48, மூன்று வரி. படத்துக்கும் அதன் குறிப்புக்கும் சேர்த்து இதே கணக்கு. கீப் ஆப்ஷன்ஸில் பத்தியின் தொடக்கத்தில் 2 வரி, முடிவில் 2 வரி போதும். தலைப்புக்கு மட்டும் கீப் வித் நெக்ஸ்ட் 2 வரி. தமிழ் யூனிகோடு என்றால் கம்போசரை (வரிகளைக் கோக்கும் பகுதி) வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பிறகும் சில பக்கங்களில் ஒரு வரி உதைக்கும். அப்போது வரிகளை இழுக்கக் கூடாது. கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்கும் பத்தியைத் தேடி, சொல் இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினால் ஒரு வரி மேலேறும். கடைசி வரி ஓரம்வரை நிறைந்த பத்தியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒரு வரி இறங்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் எல்லாப் பத்தியும் இதற்கு இணங்காது, நாலைந்தைச் சோதிக்க வேண்டிவரும். அதுவும் முடியாவிட்டால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையுமே தலா 29 வரியாக விட்டுவிடலாம். அடியில் ஒரு வரி குறைவதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஈய அச்சுக் காலத்துக் கம்பாசிட்டர்கள் இடம் மிஞ்சினால் தகட்டைத் தலைப்பைச் சுற்றிப் போடுவார்கள், பத்திக்குள் நுழைக்க மாட்டார்கள். அந்த ஒழுங்கு மென்பொருளில் வேலை செய்கிறவருக்கும் வேண்டும்.

வேலை கொடுக்கும்போது பக்கக் கணக்கில் கூலி பேசாதீர்கள். சொல் கணக்கில் பேசுங்கள். கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டர் சீட்டிலேயே 'பக்கத்துக்கு 30 வரி, லீடிங் 16 பாயிண்ட், எல்லாப் பக்கத்திலும்' என்று எழுதி வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு ஃபாரம், 16 பக்கம் செட் செய்து தரச் சொல்லி அளந்து பாருங்கள். முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பேக்கேஜ் செய்த மூல ஃபைலையும் எழுத்துருக்களையும் சேர்த்து வாங்குங்கள். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே யூனிகோடு தமிழ்நாட்டு அரசின் தரமாகிவிட்டது. இன்னமும் பழைய குறியாக்க எழுத்துருவில் செட் செய்து கொடுத்தால் மறுபதிப்பின்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த நூலுக்கு மூல ஃபைல் கைக்கு வந்ததும், ஜஸ்டிஃபையை டாப்பாக்கி, கீப் ஆப்ஷன்ஸில் இருந்த டிக்கை எடுத்து 2, 2 என்று வைத்ததுமே பக்கங்கள் மளமளவென்று மேலேறின. தலைப்புகளைக் கிரிட்டில் உட்கார வைத்து, ஏழெட்டுப் பத்திகளை இறுக்கிய பிறகு 208-லேயே முடிந்தது. பிளேட் போடுவதற்கு முன்னால் பிடிபட்டதால் இரண்டு ஃபாரத்தின் செலவு தப்பியது. 231 பக்கத்துக்கு வாங்கிய லேஅவுட் கூலியில் கூடுதல் பக்கங்களுக்கு உரியதை அந்தக் கடை இன்னும் திருப்பித் தரவில்லை.