32 பிக்சலில் கொழுந்து மலை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தேயிலை மலையைக் கட்டற்ற கணினி விளையாட்டுகளுக்கு டைலாக (அடுக்கி அடுக்கி வரைபடமாக்கும் சிறு சதுரப் படம்) வரைய கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளே போதும். 32×32 பிக்சலில் புதுக் கோப்பு திறந்து W விசையை அழுத்தினால், அதே கட்டம் நாலாபக்கமும் தொடர்ந்து தெரியும்; ஓரம் ஒட்டாத இடம் வரையும்போதே கண்ணில் படும். டைலுக்கு இரண்டு நிரை: செடிக்கு 12 பிக்சல், நடைவழிக்கு 4. செடியின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உருட்டினால் கோவா (முட்டைக்கோஸ்) தோட்டமாகிவிடும். ஒரே ஒரு செடியில் வெளிர்பச்சை கூடினாலும் பெரிய வரைபடத்தில் அது புள்ளிக்கோலம் போல வரிசை கட்டி நிற்கும். நான்கு மாற்று டைல்களைக் கலந்து போட்டால்தான் அது மறையும். கவ்வாத்து மலைக்கு (செடிகளை வெட்டிக் குறைத்த மலை) பச்சையைப் பழுப்பாக்கினால் போதாது. குச்சிகளுக்கிடையே மண் தெரிய வேண்டும்.

மூடுபனியைத் தனி அடுக்காக, 256×256 அளவில் செய்யுங்கள். கோப்பைச் சிறிதாக்க கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இன்டெக்ஸ்டு முறைக்கு (எண்ணிக்கை வரம்புள்ள நிறப்பட்டியல்) மாற்றினால் பனி ஓட்டை ஓட்டையாகும். அந்த முறையில் ஒளிபுகுதன்மை உண்டு அல்லது இல்லை என்பதுதான், நடுநிலை கிடையாது. ஆர்ஜிபி முறையிலேயே பிஎன்ஜியாக எடுக்க வேண்டும்.

அதிகம் மெனக்கெட வைப்பது கொழுந்து பறிப்பவரின் முதுகுக் கூடை. 2012இன் லிபரேட்டட் பிக்சல் கப் என்ற கட்டற்ற விளையாட்டுக் கலைப் போட்டியின் மனித உருவங்களுக்கு, நடையின் எல்லாப் படங்களும் அடங்கிய நடைத்தாள் 576×256 பிக்சல்: நான்கு திசை, திசைக்கு 9 சட்டம் (அசைவின் ஒரு படம்), ஆக 36 படம். முதுகு தெரியும்போது கூடை உடலுக்கு முன்னே வர வேண்டும். முகம் தெரியும்போது பின்னே போய், தலைக்கயிறு மட்டும் முன்னே நிற்கும். ஒரே தாளில் இது நடக்காது. முன்தாள், பின்தாள் என இரண்டாகப் பிரியுங்கள். நடையில் தலை 1 பிக்சல் இறங்கும் சட்டங்களில் கயிறும் இறங்காவிட்டால் அது நெற்றியை விட்டு மிதக்கும்.

கோடோ 4 என்ற விளையாட்டு எஞ்சினில் படம் மங்கினால் குறை ஓவியத்தில் இல்லை: இயல்பு டெக்ஸ்சர் வடிகட்டி லீனியர் (பக்கத்துப் பிக்சல்களைக் கலப்பது), அதை நியரஸ்ட் (கலக்காதது) ஆக்குங்கள். வேறு எஞ்சின்களில் டைல்களுக்கிடையே மெல்லிய கோடு மின்னினால் ஓரப் பிக்சலை நாற்புறமும் 1 பிக்சல் நீட்டி, எஞ்சினில் டைல் தாளின் மார்ஜின் (ஓர வெளி) 1, டைல்களுக்கிடையே இடைவெளி 2 என்று கொடுக்க வேண்டும்.

உரிமத்தில் பலர் தயங்கி 'வணிகத்துக்கு அல்ல' என்ற வகையை எடுக்கிறார்கள். அது வேண்டாம். அந்த உரிமத்தை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதன்மைத் தொகுப்பு ஏற்காது, விளையாட்டுப் படங்களைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளமும் ஏற்காது. புதிதாக வரைந்த மலை டைல்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 (உரிமை எதுவும் கோராதது) அல்லது சிசி பிஒய் 4.0 (பெயர் சொன்னால் போதும்) நன்றாக ஓடுகிறது. கூடை அப்படியல்ல: லிபரேட்டட் பிக்சல் கப் உருவம் போன்ற பிஒய்-எஸ்ஏ (பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்) உருவத்தைத் திருத்தி வரைந்தால் அதே உரிமத்திலோ அதற்கு இணக்கமானதிலோதான் விட முடியும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே பிறர் எடுத்த புகைப்படத்தின் மேல் அனுமதியின்றி வரைந்த டைலை வெளியிடவே கூடாது. கொழுந்துச் சாக்கில் கம்பனிச் சின்னமும் வேண்டாம், வணிகக்குறிக்கு இந்த உரிமங்கள் அனுமதி தருவதில்லை.

பிஎன்ஜியோடு கிரிட்டாவின் கேஆர்ஏ மூலக்கோப்பையும், பெயர், இணைப்பு, உரிமம், செய்த மாற்றம் நான்கும் எழுதிய ஓர் உரைக்கோப்பையும் ஒரே ஜிப்பில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, ஆவணமாக; படமாக அனுப்பினால் சுருங்கிப் பிக்சல் கெடும்.