ஹெரிடேஜ் (பாரம்பரிய ரக) வான்கோழிக் குஞ்சு என்று 330 டாலர் ஏமாற்றிவிட்டார்கள், வாங்கப் போகிறவர்கள் உஷார்!

அமெரிக்காவில் வீட்டுக் கறிக்காக வான்கோழி வளர்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் குஞ்சு விற்கும் ஒரு ஹேட்சரி என்னிடம் 330 டாலர் வாங்கிக்கொண்டு வேறு ரகத்தை அனுப்பிவிட்டது. நேற்று வந்த அவர்களுடைய கடைசி மெயிலைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஊருக்கு வெளியே. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பிராட் பிரெஸ்டட் ரகம். மார்புக்கறிக்காகவே பெருக்கிய இனம், 14 முதல் 20 வாரத்துக்குள் அறுத்துவிடலாம். ஆனால் உடம்பு கனத்தால் தானாக இணைசேராது, செயற்கைக் கருவூட்டல்தான். ஹெரிடேஜ் ரகங்கள் அப்படியில்லை. தானாக இணைசேரும், அடைகாக்கும், நன்றாக மேயும். கறிக்கு வர 28 வாரம் போல ஆகும், ருசியே வேறு. ஒரு சேவலும் சில பெட்டைகளும் நிறுத்திக்கொண்டால் வருஷா வருஷம் குஞ்சுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் விலை கூட என்றாலும் ஸ்டாண்டர்டு பிரான்ஸ் (Bronze, வெண்கல நிறம்) என்ற ஹெரிடேஜ் ரகம் கேட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன்பே போன் செய்து விசாரித்தேன். எடுத்த பெண்மணி அவ்வளவு பொறுமையாகப் பேசினார். தாய்க்கோழிகள் எல்லாம் தங்கள் புல்வெளியில் திரிபவைதான் என்றார். நான் கேட்காமலேயே என்.பி.ஐ.பி. என்ற அரசுக் கோழிவளர்ப்புத் திட்டத்தின் பதிவு எண்ணை வாசித்துக் காட்டினார். அரசாங்கப் பதிவு இருக்கிறதே என்று அந்த நிமிஷம் மனசு நிம்மதியாகிவிட்டது. போனை வைத்த கையோடு 15 குஞ்சுக்கு, தபால் செலவும் சேர்த்து, 330 டாலர் கட்டினேன். அந்தப் பதிவு, புல்லோரம் போன்ற நோய்களுக்குப் பரிசோதனை செய்திருக்கிறார்கள் என்பதற்கு மட்டும்தான். இது என்ன இனம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இனத்தைப் பற்றிக் கேட்டவனிடம் அதைப் போய் நீட்டியிருக்கிறார்கள்!

ஏப்ரலில் விடிகாலையில் தபால் நிலையத்திலிருந்து போன் வந்தது. பெட்டிக்குள் ஒரே கீச்சுச் சத்தம். ஒவ்வொன்றாக எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினேன், வான்கோழிக் குஞ்சுக்குக் குடிக்கக்கூட நாம்தான் பழக்க வேண்டும். எல்லாம் பழுப்பு நிறத்தில் கோடு போட்ட குஞ்சுகள். ஸ்டாண்டர்டு பிரான்ஸும் பிராட் பிரெஸ்டட் பிரான்ஸும் அந்த வயதில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இவர்களுடைய வியாபாரமே அதில்தான் நடக்கிறது.

ஜூலையில் மனைவிதான் முதலில் சொன்னாள்: “என்னங்க, தீனித் தட்டு முன்னாடி குந்தினா எந்திரிக்கவே மாட்டேங்குது.” மேயவும் போகவில்லை. நெஞ்சு அகன்று, கால் இரண்டும் விரிந்து, பத்தடி நடந்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. 18 வாரத்தில் ஒரு சேவலைத் தராசில் ஏற்றினேன், 29 பவுண்டு! ஸ்டாண்டர்டு பிரான்ஸ் இளஞ்சேவல் கறிப் பருவத்துக்கு வந்தாலே 25 பவுண்டுதான். ஆகஸ்ட் வெயிலில் நாலு கோழி சுருண்டு விழுந்து செத்தன.

போன் செய்தால் முன்பு பேசிய அதே பெண்மணி, “மெயில் அனுப்புங்கள்” என்றார். மெயில் அனுப்பினால் படம் கேட்டார்கள். தராசோடு படம் அனுப்பினால், படத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாதாம். பிறகு, குஞ்சு கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்றார்கள். ரெண்டு நாள் குஞ்சில் எவனால் இதைக் கண்டுபிடிக்க முடியும்? நேற்று வந்த பதில்தான் உச்சம்: “உங்களுக்கு அதிகக் கறிதானே கிடைத்திருக்கிறது?” அதிகக் கறிக்கா நான் 330 டாலர் கொடுத்தேன்? அடுத்த வருஷத்துக்கு நிறுத்தி வைக்க ஒரு ஜோடி இல்லை. கார்டு கம்பெனியிடம் போனால் ஜனவரியில் கட்டிய பணம், காலக்கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். 330 டாலர் போனது போனதுதான்.

எந்த ரகம் வாங்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசில்லை. இது மட்டும்: வெண்கல நிறத்தில் வாங்காதீர்கள். பர்பன் ரெட் என்ற ஹெரிடேஜ் ரகம் வாங்குங்கள். குஞ்சிலேயே நிறம் வேறாக இருக்கும், பிராட் பிரெஸ்டட்டை அந்தப் பெயரில் தள்ளிவிட முடியாது. தாய்க்கோழி தானாக இணைசேருகிறதா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். முடிந்தால் பக்கத்துப் பண்ணைக்கே போய்த் தாய்க்கோழியைக் கண்ணால் பாருங்கள். 48 மணி நேர நிபந்தனை போட்ட இடத்தில் இனத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அடுத்த சீசனுக்கு முன்பதிவு ஆரம்பிப்பதற்குள் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.